நாரும் நூலும்: பண்டைத் தமிழர் உடை வரலாற்றில் ஒரு மறுநோக்கு

முன்னுரை

பண்டைத் தமிழரின் உடையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு படிமுறையை வகுத்துக்கொண்டே தொடங்குவர். மாந்தர் முதற்கண் தழையை உடுத்தனர். அடுத்து மரப்பட்டையையும் விலங்கின் தோலையும் உடுத்தனர். பின்னர் நூல் நூற்கவும் ஆடை நெய்யவும் அறிந்தனர். அறிந்தபின் முன்னையவற்றைக் கைவிட்டனர் என்பது அப்படிமுறை. இக்கருத்துப் பலரானும் எடுத்தாளப்பெற்று வருதலின், ஆராயாமலே இதனை உண்மையெனக் கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தழையும் உரியும் நாரும் அறியாமைக் காலத்தின் அடையாளங்கள் என்றும், நூலாடை ஒன்றே நாகரிகத்தின் அடையாளம் என்றும் கொள்ளும் எண்ணம் இதிலிருந்து பிறக்கின்றது.

இப்படிமுறை நம் இலக்கியச் சான்றுக்கு ஒத்ததுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சங்கச் செய்யுட்கள் தரும் செய்திகளை முதலிலும், தேனி மாவட்டத்து மேகமலைச் சாரலும் வைகைக் கரையும் தரும் செய்திகளை அடுத்தும் காண்பாம். தறி என்னும் கருவியே இன்றி நாரினால் மிக உயர்ந்த ஆடைகளை ஆக்கிய நியூசிலாந்து மாவோரியரின் தொழில்முறையை அவற்றோடு ஒப்புநோக்குவாம்.

தழையுடை

சங்க காலத்தில் தழையுடை வழங்கிற்று என்பது யாவரும் அறிந்ததே. ஆம்பல், நொச்சி, செயலை, ஞாழல் முதலியவற்றின் இலையும் தளிரும் பூவும் கொண்டு மகளிர் தழை தொடுத்து உடுத்தனர். ஆயின் அதனை உடுத்தவர் யாவர், எக்காலத்து உடுத்தனர் என்று நோக்குதல் வேண்டும்.

பொருநராற்றுப்படையிற் கரிகாலனைக் காண வந்த பொருநன் முதலில் உடுத்திருந்தது தழையன்று. வேர்வையில் நனைந்து, வேற்றிழை நுழைத்துத் தைக்கப்பெற்ற கந்தலையே அவன் உடுத்திருந்தான். அதாவது, அக்காலத்து வறியவனின் உடை பழைய நெய்த ஆடையே. அக்கந்தலை நீக்கி அரசன் அளித்தது இழைபோகும் நெறி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பின் உரி போன்ற நுண்ணிய அறுவை. ஆகவே அச்சமுதாயத்தில் வறுமைக்கும் செல்வத்துக்கும் உரிய உடை வேறுபாடு நூலாடையின் உள்ளேயே அமைந்திருந்தது. தழை அவ்வரிசையின் கீழ்ப்படியில் வைக்கப்பெறவில்லை.

தழையை உடுத்தவர் தொடியணிந்த மகளிர் என்பதைப் புறநானூற்றின் 272ஆம் பாட்டுக் காட்டும். மோசிசாத்தனார் பாடிய அப்பாட்டில் நொச்சி ஒருபால் மகளிரின் இடையில் தழையாகக் கிடந்தும், மற்றொருபால் மதில் காக்கும் மறவனின் தலையிற் கண்ணியாக அமர்ந்தும் சிறப்புப் பெறுகின்றது. 271ஆம் பாட்டில் வெறிபாடிய காமக்கண்ணியார் இதனையே துயரத்தோடு நோக்குகின்றார். மகளிர் இடையில் முன்பு கண்ட அதே நொச்சி இப்போது களத்தில் வீழ்ந்தவன் மேற் குருதி படிந்து உருமாறிக் கிடத்தலின், பருந்து அதனை ஊனென மயங்கிக் கொண்டு செல்கின்றது. ஒரு தழை இளமைக்கும் காவலுக்கும் சாவுக்கும் பொதுவான குறியாக நின்றமை இவ்விரு பாட்டாலும் விளங்கும்.

ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டும் இவ்வகையினதே. இளமையில் தழையாகப் பயன்பட்ட ஆம்பல், கணவனை இழந்தபின் அதன் புல்லரிசி வழியே கைம்மை உணவாயிற்று என்று ஒரு பெண் நினைந்து வருந்துகின்றாள். தழை வறுமைக்கு உரிய உடையாயிருப்பின் இவ்வருத்தத்திற்கே இடமில்லை. அவள் இழந்த நல்வாழ்வின் அடையாளமாகவே தழை ஈண்டு நினைக்கப்படுகின்றது.

அகப்பாட்டுக்களில் தழை காதலன் தரும் கையுறையாக வருதல் பெருவழக்கு. நற்றிணை 359இல் கபிலர் ஒரு நுண்ணிய சிக்கலை அமைக்கின்றார். மலைநாடன் தந்த தழையை உடுத்தால் தாய்க்கு அஞ்ச வேண்டும். மறுத்துத் திருப்பிக் கொடுத்தால் அவன் துன்புறுவானே என்று அஞ்ச வேண்டும். இதனிடையே தழை வாடிவிடுமோ என்ற கவலையும் எழுகின்றது. தாய்க்கு அஞ்சுவது எதனால்? புதிய தழை புதிய உறவைக் காட்டிக்கொடுக்கும். எந்நிலத்துச் செடி, யார் தந்தது என்பதை ஊரார் உடையைக் கண்டே அறியக்கூடும். பருத்தியாடைக்கு இப்பேச்சு இல்லை. தழை, அதனைத் தந்த நிலத்தையும் தந்தவனையும் தன்னோடு சுமந்து வருகின்றது.

சீரையும் நார்முடியும்

மரவுரியைக் குறிக்கும் பழஞ்சொல் சீரை என்பது. வடமொழிச் சீரம் என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர். திருமுருகாற்றுப்படை ஆவினன்குடி முனிவரைச் சீரை உடுத்தவராகக் காட்டும்போது, அச்சீரை தைக்கப்பெற்றது என்றும் குறிக்கின்றது. தைத்தல் என்னும் வினை ஈண்டு நம் கருத்திற்கு உரியது. மரத்தினின்று உரித்ததை அவ்வாறே சுற்றிக்கொள்ளவில்லை. அளவறிந்து இணைத்து உடையாக்கினர் என்பது அவ்வொரு வினையாற் பெறப்படும்.

மரவுரி ஆக்கும் தொழில் எளிதன்று. மேற்கு மலைத்தொடரின் ஈரக்காடுகளில் வளரும் நெட்டாவில் மரம் இதற்குப் பெயர் பெற்றது. மலையாளத்தார் இதனை அரையாஞ்சிலி என்பர்; சிங்களவர் ரிட்டி என்பர். இதன் பால் நஞ்சுடையது. தென்கிழக்காசிய நாடுகளில் அம்புக்கு நஞ்சூட்டப் பயன்பட்டது. அத்தகைய மரத்தின் பட்டையை நீரில் ஊறவைத்து, மேற்றோல் நீங்கி உள்நார் ஒன்றோடொன்று பிரியாமல் விரியும்படி தட்டி, கழுவி உலர்த்தி மெத்தென்ற உரியாக்கினர். பட்டையைக் குழல்போல் முழுதாகக் கழற்றிப் பையாகவும் பயன்படுத்தினர். இலங்கை வேடர் இம்மரப்பட்டையால் பையும் உடையும் செய்தமையைச் செலிக்குமன் இணையர் 1911இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளனர். நஞ்சை நீக்கும் அறிவும், நார் அறாமல் தட்டும் கைத்திறனும் தலைமுறை தலைமுறையாகப் பயின்றாலன்றி வாரா.

நாருக்கு இருந்த மதிப்பைச் சேர வேந்தன் ஒருவனின் பெயரே காட்டி நிற்கின்றது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திற் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய வேந்தன் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். பொன்னும் மணியும் அறியாத காலத்து மன்னனல்லன் இவன். ஆயினும் நாரால் ஆகிய முடி அவனுக்கு இழுக்காகாமல் அவனைக் குறிக்கும் சிறப்புப் பெயராகவே நின்றது.

சொற்கள் தரும் சான்று

தொழிற்சொற்களையும் நோக்குவாம். தொடுத்தல், தைத்தல், பின்னுதல், முடைதல், நெய்தல் என ஐந்து வினைகள் தமிழில் தனித்தனிப் பொருளில் வழங்குகின்றன. தழையும் பூவும் தொடுக்கப்படும், இலையும் உரியும் தைக்கப்படும், நாரும் கூந்தலும் பின்னப்படும், ஓலை முடையப்படும், நூல் நெய்யப்படும். ஒன்று வந்தபின் மற்றொன்று ஒழிந்திருக்குமாயின் அதற்குரிய சொல்லும் ஒழிந்திருக்கும், அல்லது பொருள் திரிந்திருக்கும். ஐந்தும் இன்றுவரை உயிரோடு வழங்குதல், இத்தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒருங்கே வாழ்ந்தமைக்குச் சான்றாகும்.

நூல் என்னும் சொல் இழையைக் குறித்து, பின் கல்வி நூலைக் குறித்தது. பனுவல் என்பதும் அவ்வாறே. பஞ்சினின்று இழை நூற்றலையும் சொற்களினின்று நூல் இயற்றலையும் ஒப்பிட்டு நன்னூலார் பாயிரத்திற் கூறுவர். இவ்வாறு பருத்தி கற்றோரின் தொழிலுக்கு உவமையாகி உயர்ந்தது. நார் என்னும் சொல்லோ வேறொரு நெறியிற் சென்றது. அஃது அன்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. திருக்குறள் 833 பேதையின் இயல்புகளுள் ஒன்றாக நாரின்மையைக் கூறும். அன்பின்மை என்பது அதன் பொருள். பிரிந்தவற்றைப் பிணிப்பது நாராகலின், உள்ளங்களைப் பிணிப்பதும் நார் எனப்பெற்றது என்று கொள்வது பொருந்தும். நூல் அறிவுக்கும் நார் அன்புக்கும் பெயராயின. இரண்டும் ஒப்ப மதிக்கப்பெற்ற மக்களிடையேதான் இத்தகைய சொல்வளர்ச்சி நிகழும்.

மேகமலைச் சாரல்

இனி, இலக்கியச் செய்தியை ஒரு நிலப்பகுதியோடு பொருத்திக் காண்பாம். மேகமலை கம்பம் பள்ளத்தாக்குக்கும் வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கும் இடையே உயர்ந்து நிற்பது. மலைமுகட்டில் ஈரப் பசுங்காடும், இன்று தேயிலைத் தோட்டங்களும் உள்ளன. அடிவாரத்திற் கல்லும் பரலும் நிறைந்த வறண்ட புதர்க்காடு பரந்துள்ளது. வருசநாட்டு மலைகளிற் பிறக்கும் வைகை இச்சாரலை ஒட்டியே சமவெளிக்கு இறங்குகின்றது. ஈரக்காட்டின் உரிமரங்களும் வறள்காட்டின் நார்ச்செடிகளும் ஒருநாள் நடைத் தொலைவில் அமையும் நிலம் இது.

வறள்காட்டு நார்ச்செடிகளுள் முதன்மையானது மரல். இன்று மருள் என வழங்கும் இது வாள்போன்ற தடித்த இலையும், இலைமேற் பாம்பின் வரிபோன்ற பட்டைகளும் உடையது. பரல்நிலத்திலும் பாறை நிழலிலும் வளர்வது. இதன் இலையைத் தட்டிச் சோற்றை நீக்கினால் வெண்மையான வலிய நார் கிடைக்கும். மூர்வை என்னும் பெயரால் இதனை வடநூலார் குறிப்பர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. மனுநூல் அரச மரபினர்க்கு உரிய அரைஞாணை இந்நாரால் ஆன வில்நாணாக விதிக்கின்றது. ஆங்கிலேயரும் இதனை வில்நாண் சணல் என்ற பொருளுடைய பெயரால் அழைத்தனர்.

புறநானூற்றின் 264ஆம் பாட்டு உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. பரல் நிறைந்த மேட்டு நிலத்திற் கற்குவியல் எழுப்பி, மரலைக் கிழித்து எடுத்த நாரில் தொடுத்த செம்பூங் கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, வீரனின் பெயரைப் பொறித்துக் கல் நட்டனர் என்று அப்பாட்டுக் கூறுகின்றது. இதனை அறியாமற் பாணர் இனியும் அவனை நாடி வருவரோ என்று புலவர் இரங்குகின்றார்.

பெயர் பொறித்த கல் என்பது புலவரின் கற்பனையன்று என்பதை மேகமலைக்கு அணித்தான வைகைக் கரையே காட்டிற்று. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006இல் கண்டறிந்தனர். எழுத்தமைதி கொண்டு இவை கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை எனக் கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஆகோள் என்னும் சொல்லை வழங்கி, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் இறந்தவனைக் குறிக்கின்றது. ஆகோள் தொல்காப்பியம் ஆளும் சொல். கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே அவ்வூராதல் கூடும் என்பர் ஆய்வாளர்.

ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. 264ஆம் பாட்டிற் கல்லும் உண்டு, பெயரும் உண்டு, நாரும் உண்டு. புலிமான்கோம்பையிற் கல் நின்றது, பெயரும் நின்றது, நார் இருந்திருப்பினும் நில்லாது. வெப்பமும் மழையும் கறையானும் மிக்க நம் நாட்டில் நாரும் தழையும் உரியும் சில ஆண்டுகளில் மண்ணாகிவிடும். நூற்கும் தொழிலுக்குக் கீழடி அகழாய்வில் தக்களிகள் சான்றாகக் கிடைத்தன. மரல் கிழித்த கைக்கோ, தழை தொடுத்த விரலுக்கோ அத்தகைய கருவிச் சான்று தேவைப்படவில்லை, ஆகவே கிடைக்கவுமில்லை. கிடைப்பதைக் கொண்டு மட்டும் வரலாறு எழுதினால் கல்லும் சுடுமண்ணுமே வரலாறாகும். நாரின் வரலாற்றைச் செய்யுளிலும் சொல்லிலும் வாழும் மக்களின் கையிலுமே தேடுதல் வேண்டும்.

மாவோரியரின் நார்த்தொழில்

நாருடை தன்னளவில் எத்துணை உயரக்கூடும் என்பதை அறிய, அத்தொழில் அழியாமல் நின்ற நாடொன்றை நோக்குதல் நலம். நியூசிலாந்தின் மாவோரியர் அதற்கு ஏற்றவர். இவ்வொப்பீடு இனத் தொடர்பையோ கடல்வழித் தொடர்பையோ நிறுவுவதற்கன்று. அந்நாட்டிற் கொலென்சோ என்பார் 19ஆம் நூற்றாண்டிற் கண்டெடுத்த, தமிழெழுத்துப் பொறித்த கப்பல் மணியைக் கொண்டு பலவாறு ஊகிப்பாருளர். ஒரு மணியைக் கொண்டு இரு மக்களை உறவாக்குதல் ஆராய்ச்சியாகாது. யாம் ஒப்பிடுவது தொழிலின் இயல்பை மட்டுமே.

மாவோரியரின் முன்னோர் பாலினீசியத் தீவுகளினின்று வந்தபோது, அங்கெல்லாம் மரவுரி தரும் காகித முசுக்கட்டையையும் கொண்டுவந்தனர். நியூசிலாந்தின் குளிரில் அது செழிக்கவில்லை. ஆகவே அவர்கள் சதுப்பு நிலங்களிற் கிளைத்து வளரும் அரக்கெக்கெ என்னும் செடியை நாடினர். இது வாள்போன்ற நீண்ட இலையுடையது. தோற்றத்தில் நம் மரலை ஒருவாறு ஒக்கும். இங்ஙனம் அம்மக்கள் உரியினின்று நாருக்கு மாறியது படிமுறை ஏற்றத்தால் அன்று. நிலத்தின் இயல்பால் என்க.

அரக்கெக்கெ இலையை அறுப்பதற்கும் முறையுண்டு. நடுக்குருத்தைக் குழந்தை என்றும், அதனை அணைத்து நிற்கும் இரு இலைகளைத் தாய்தந்தையர் என்றும் கொள்வர், இவற்றை வெட்டார். புறத்தே உள்ள முதிர்ந்த இலைகளையே அறுப்பர். சிப்பியின் விளிம்பால் இலையின் சோற்றைச் சுரண்டி நீக்கியதும் பட்டுப்போன்ற முக்கா என்னும் உள்நார் வெளிப்படும். அதனைக் கழுவி, கல்லின்மேல் வைத்துக் கற்குழவியால் அடித்து மென்மையாக்கி, முழங்காலின் கீழ்த் திரித்து இழையாக்குவர். கருநிறத்திற்கு மரப்பட்டைத் துவர்ச்சாற்றில் தோய்த்துப் பின் இரும்புச்சத்துள்ள சேற்றில் ஊறவைப்பர்.

ஆடை ஆக்குங்கால் தறி இல்லை. இரு கோல்களை நிலத்தில் ஊன்றி அவற்றிடையே ஒரு கயிறு கட்டி, அதிற் பாவிழைகளைத் தொங்கவிட்டு, ஊடிழைகளை இணையிணையாக விரலாற் பின்னிப் பாவினைப் பிணித்துச் செல்வர். இதனை ஃபாத்து என்பர். கூடையும் பாயும் முடைவதற்கு ரரங்கா என்பது வேறு பெயர். மழைக்குரிய முரட்டு மேலாடை முதல், தலைவர்க்குரிய நுண்ணிய போர்வையும் கிவிப் பறவையின் இறகு பதித்த போர்வையும் ஈறாகப் பலவகை ஆடைகள் இம்முறையால் ஆயின. ஒரு போர்வைக்குப் பல திங்கள் உழைப்புத் தேவை. தே ரங்கி கிரோவா என்னும் மாவோரி அறிஞர் இவ்வாடைகளின் வளர்ச்சியை 1926இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

ஊடிழைக்கு அவர்கள் வழங்கும் சொல் அஃகோ. அதுவே குலவழியையும் குறிக்கும். தலைமுறைகளைப் பிணிப்பதும் இழையே என்பது அவர்தம் கருத்து. நார் என்பது நம் மொழியில் அன்பாயினமையோடு இதனை ஒப்பிட்டு மகிழலாம்.

1793இல் நிகழ்ந்த ஒரு செய்தி நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. நார்போக்குத் தீவில் ஆங்கிலேயர் இந்நாரால் கப்பற் பாய்த்துணி செய்ய முயன்று தோற்றனர். தொழிலைக் கற்பிப்பதற்கென்று துக்கி, உரு என்னும் இரு மாவோரி ஆடவரை வலிந்து பிடித்துச் சென்றனர். அவ்விருவராலும் கற்பிக்க இயலவில்லை. ஏனெனில் அது மகளிரின் தொழில். ஆட்சியாளர் செடியைக் கண்டனர், நாரைக் கண்டனர், அறிவு யார் கையில் இருந்தது என்பதைக் காணவில்லை. ஃபோர்ப்சு ராயில் 1855இல் வெளியிட்ட இந்திய நார்ச்செடிகள் பற்றிய நூலில் நம் மரலும் அந்நாட்டு அரக்கெக்கெயும் சேர்ந்தே பேசப்படுகின்றன. உருசியச் சணல் வரவு போரால் தடைப்பட்ட காலம் அது. கயிற்றுக்கும் பாய்க்கும் எந்நார் ஆகும் என்பதே அன்றைய வினா.

பளியரும் நாமும்

மேகமலையிலும் வருசநாட்டு மலைகளிலும் பழனி மலைகளிலும் வாழும் பளியர் தமிழ் பேசும் தொல்குடியினர். கிழங்கு அகழ்தலும் தேனெடுத்தலும் அவர்தம் மரபுத் தொழில்கள். பாறைச் சரிவில் தொங்கும் தேனடையை அணுகக் கொடிகளால் ஏணியும் கயிறும் அமைத்து இறங்குவர். எக்கொடி ஆள் பாரம் தாங்கும், எது ஈரத்தில் வழுக்கும், எந்நார் எத்தனை நாளில் இற்றுப்போம் என்னும் அறிவில் அவர் உயிரே தங்கியுள்ளது. சங்கச் செய்யுட்கள் தேன் எடுப்போரின் ஏணியை மால்பு என்று குறிக்கும். அச்சொல்லுக்கு உரை எழுதுவோர் ஒருமுறையேனும் மேகமலைச் சாரலில் தேனெடுப்போரோடு உரையாடுதல் நன்று.

இத்தகையோரை ஆடை நெய்ய அறியாதவர், ஆகவே முதற்படியில் நின்றவர் என்று எழுதிவிடுதல் எளிது. அவ்வாறு எழுதுவோர் கூறும் காரணமே பிழைபட்டது என்பதை மேலே கண்டோம். அதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் கைத்தறிச் சேலை நெய்வோர் வாழ்கின்றனர். மலையில் நாரறிவும் சமவெளியில் நூலறிவும் ஒரு வைகையின் இரு கரைகள்போல் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றின் இளமைக்காலம் அன்று.

மேகமலை 2009இல் வன உயிரினப் புகலிடமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பெற்றது. காட்டைக் காத்தல் இன்றியமையாததே. ஆயின் நாரறிவு செடியைத் தொடும் கையில் வாழ்வது. செடியை அணுகும் உரிமை குன்றினால் ஒரு தலைமுறையில் அவ்வறிவு மறையும். சிறுவனப் பொருள்களைத் திரட்டும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தொல்குடியினர்க்கு ஏற்றுக்கொண்டுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. நியூசிலாந்தில் ரெனே ஆர்ச்சிசுடன் என்னும் அம்மையார், மாவோரி மகளிர் தலைமுறையாக வளர்த்த அரக்கெக்கெ வகைகளைப் பெயரோடும் பயனோடும் திரட்டி 1987இல் அரசு ஆய்வு நிலையத்திற்கு அளித்தார். செடியும் பெயரும் தொழிலும் ஒருங்கே காக்கப்பெற்றமையால், இன்றைய நெசவு மகளிர் அவ்வகைகளை மீண்டும் பெற முடிகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். ஒன்று, சங்க காலத்தில் தழையும் சீரையும் நாரும் நூலாடையோடு ஒருங்கே வழங்கின. அவை வறுமையின் அடையாளமோ அறியாமையின் எச்சமோ அல்ல. இரண்டு, நாருடை குறைவாகச் சான்றுபெறுவது அது குறைவாக வழங்கியதால் அன்று. அது மட்கும் இயல்பினதாதலால் என்க. மூன்று, தறியில்லாமை தாழ்வன்று என்பதை மாவோரியரின் போர்வைகள் ஐயமின்றிக் காட்டும்.

ஆகவே தமிழ்த்துறை ஆய்வாளர்க்கு ஒரு கடமை உண்டு. மேகமலை, வருசநாடு, பழனி மலைப் பகுதிகளில் இன்றும் வழங்கும் நார், கொடி, பட்டை, முடைவினை பற்றிய சொற்களைச் செடியோடும் செய்முறையோடும் திரட்டித் தொகுத்தல் வேண்டும். சங்கச் சொல்லகராதியோடு அவற்றை ஒப்புநோக்குதல் வேண்டும். துக்கியையும் உருவையும் பிடித்துச் சென்றவர் செய்த பிழையை நாம் செய்யாமல், தொழில் யார் கையில் உள்ளதோ அவரையே, மகளிரை முதலாகக் கொண்டு, ஆசிரியராக மதித்துக் கேட்டல் வேண்டும். நூலைப் போற்றிக் கற்ற நாம் நாரையும் அவ்வாறே கற்கும்போதுதான் தமிழர் உடை வரலாறு முழுமை பெறும்.